தென்னையைத் தின்னும் காளானை நாம் தின்னலாமா?

9 டிசம்பர் 2022. பேராவூரணி வாசகர் கேட்டது

தென்னை மரத்தடியில் வார்னிஷ் அடித்த மாதிரி பளபளவென்று ஒரு காளான். நடுவில் செம்பழுப்பு, ஓரம் வெள்ளை, உள்ளங்கை அகலம். தட்டினால் கட்டை மாதிரி சத்தம். யூடியூபில் இதை ரெய்ஷி, லிங்ஷி, சாகாவரம் தரும் காளான் என்கிறார்கள். சர்க்கரை, பிரஷர், கேன்சர் எல்லாவற்றுக்கும் கேட்குமாம். என்னிடம் ஏழெட்டு இருக்கிறது. கஷாயம் போட்டுக் குடிக்கலாமா? விற்க வழி உண்டா?

9 டிசம்பர் 2022, இரவு

தம்பி, காளானை விடுங்கள், மரத்தைப் பாருங்கள். அடித்தண்டில் பட்டை வெடித்து, செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்திருக்கிறதா? அடிமட்டைகள் மஞ்சளாகி, பாவாடை கட்டிய மாதிரி தண்டைச் சுற்றித் தொங்குகிறதா? குரும்பை கொட்டுகிறதா? ஆம் என்றால் உங்களுக்கு வந்திருப்பது சாகாவரம் இல்லை. தஞ்சாவூர் வாடல் நோய்.

10 டிசம்பர் 2022

நேற்று அவசரத்தில் எழுதியது. கொஞ்சம் விவரமாக.

1952 நவம்பர் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகுதான் தஞ்சை மாவட்டத்துத் தோப்புகளில் இந்த நோய் பெரிதாகக் கிளம்பியது. அதனால்தான் நம் ஊர்ப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பெருமைப்பட ஒன்றும் இல்லை. கானோடெர்மா என்ற பூசணம் மண்ணில் இருந்துகொண்டு முதலில் வேரை அழுக வைக்கும், அப்புறம் அடித்தண்டுக்குள் ஏறும். நீங்கள் பார்க்கிற பளபளப்பு அதன் கடைசிக் கட்டம். உள்ளே வேலையை முடித்துவிட்டு, விதை பரப்ப வெளியே தலை நீட்டியிருக்கிறது. காளான் வந்த மரம் பிழைத்து நான் பார்த்ததில்லை. காளான் வெளியே வராமலே செத்த மரங்களும் உண்டு. ஆகவே காளான் இல்லாத மரம் நல்ல மரம் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் தோப்பு பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, மணல் கலந்த மண். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து, விடிந்து பார்த்தால் 140 மரத்தில் 64 நின்றது. விழுந்ததை இழுத்துப் போட்டோம். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கக் கையில் காசில்லை, தெம்பும் இல்லை. அந்தக் கட்டைகளில்தான் இரண்டு வருடம் கழித்து முதல் காளானைப் பார்த்தேன். அங்கிருந்து நிற்கிற மரத்துக்குப் போனது. 1952-லும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அழுகும் கட்டை ஊரெல்லாம் கிடந்தால் அதற்கு விருந்துதானே.

10 டிசம்பர் 2022, மதியம்

"கேட்டது மருந்து, நீங்கள் சொல்வது விவசாயம்" என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். சரி. மருந்துக்கும் வருகிறேன். மரம் போய்க்கொண்டிருக்கும்போது எனக்கு வேறு எதுவும் ஓடாது.

14 டிசம்பர் 2022

எங்கள் வீட்டுக்குள் கானோடெர்மா இரண்டு வழியாக வந்தது. ஒன்று தோப்பு வழியாக. இன்னொன்று மாப்பிள்ளை வழியாக. தங்கை வீட்டுக்காரர் 2020-ல் வேலை போய், ஆள் சேர்த்து விற்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தார். கானோடெர்மா காபி, கானோடெர்மா மாத்திரை, பற்பசை, சோப்பு. பெட்டியில் மலேசியா என்று போட்டிருந்தது. "அத்தை, மாத்திரையெல்லாம் விட்டுடலாம், மூணு மாசத்துல சர்க்கரை நார்மல்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. தோப்பில் எந்தச் சனியனை ஒழிக்க நான் வட்டிக்கு வாங்கிச் செலவழிக்கிறேனோ, அதையே காபியில் கலந்து, காசு வாங்கிக்கொண்டு, என் அம்மாவுக்குக் கொடுக்கிறார்.

அது மூன்றும் கலந்த ரகம். காபித்தூள், பால் பவுடர், சர்க்கரை. ஒரு பொட்டலம் 20 கிராம். நம் நாட்டு விதிப்படி எது அதிகமோ அதை முதலில் அச்சடிக்க வேண்டும். கானோடெர்மா கடைசியில் நின்றது. சர்க்கரை அதற்கு எவ்வளவோ முன்னால். சர்க்கரை நோய்க்கு மருந்தாகச் சர்க்கரை போட்ட காபி, ஒரு நாளைக்கு இரண்டு தரம்.

அம்மா மாத்திரையை நிறுத்தியது எங்களுக்குத் தெரியாது. தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்தார். கால் விரலில் புண் ஆறவில்லை என்று கூட்டிப்போனபோது வெறும் வயிற்றில் 280. டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

15 டிசம்பர் 2022

சிங்கப்பூர் அண்ணன் ஒரு நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார். "காபி ஏமாற்று என்பதால் காளானே ஏமாற்று ஆகிவிடுமா? சீனர்கள் 2000 வருடமாகச் சாப்பிடுகிறார்களே?" ஆகாதுதான். நேற்று மாப்பிள்ளை மேல் இருந்த கோபத்தில் எழுதிவிட்டேன். தேடிப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

2 ஜனவரி 2023

விடுமுறையில் படித்தேன். சீனத்தில் லிங்ஷி, ஜப்பானில் ரெய்ஷி. ஷென்னோங் பெயரால் வழங்கும் பழைய சீன மருந்து நூலில், கிட்டத்தட்ட 2000 வருடத்துக்கு முந்தையது, இது ஆறு நிறங்களில் பேசப்படுகிறது. சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊதா. ஒவ்வொரு நிறமும் உடம்பில் ஒவ்வோர் உறுப்புக்கு. சிவப்பு இதயத்துக்கு. நீண்ட நாள் சாப்பிட்டால் உடல் இலேசாகும், முதுமை தள்ளிப்போகும் என்று அதில் வருகிறது. வெள்ளைப்பாம்புப் பெண்ணின் கதை ஒன்று உண்டு. செத்துக் கிடக்கும் கணவனைப் பிழைக்க வைக்க மலைக்குப் போய் லிங்ஷியைத் திருடி வருவாள். நமக்கு அனுமார் தூக்கிவந்த சஞ்சீவி மாதிரி. அவர் மலையோடு தூக்கினார், இவள் காளானை மட்டும் எடுத்துவந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் எனக்குப் பிடித்த ஆள் லி ஷிழென். மிங் காலத்து வைத்தியர். அவருடைய பெரிய மருந்து நூல் அவர் இறந்து மூன்று வருடம் கழித்து 1596-ல் அச்சாகி வந்தது. லிங்ஷியைச் சுவை, நிறம், பயன் எல்லாம் சொல்லிப் பட்டியலில் சேர்க்கிறார். சேர்த்துவிட்டு, இது அழுகலின் மிச்சத்திலிருந்து முளைப்பது, மனுஷன் உடம்பில் கட்டி புடைப்பது போல, இதைப் போய் மங்கலம் என்றும், தின்றால் தேவனாகலாம் என்றும் சொல்வது அசட்டுத்தனம் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். 400 வருடத்துக்கு முன்னால், அதுவும் சீன வைத்தியர். இதைப் படித்தபோது அவர் எங்கள் தோப்பு வரப்பில் நின்று மரத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது.

இன்றைய சீன அரசு மருந்து நூலில் இது எதற்கு என்று பார்த்தால் சாகாவரம் எல்லாம் இல்லை. மனக்குழப்பம், தூக்கமின்மை, படபடப்பு, நாள்பட்ட இருமல், மூச்சு வாங்குதல். அளவு ஒரு நாளைக்கு 6 முதல் 12 கிராம், காய்ந்த காளான், கஷாயமாக. மாப்பிள்ளையின் பொட்டலம் முழுவதுமே 20 கிராம் என்பதை நினைவில் வையுங்கள்.

2 ஜனவரி 2023, மாலை

விட்டுப்போனது: இது சமையல் காளான் இல்லை. சிப்பிக்காளான் மாதிரி வதக்கித் தின்ன முடியாது. கடித்தால் பல் போகும். துண்டு போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்து, சாற்றைத்தான் குடிக்கிறார்கள். கசப்பு அதிலுள்ள டிரைட்டர்பீன் பொருள்களால் வருவது. கசப்பே இல்லாத லிங்ஷி காபி என்றால் அதில் லிங்ஷி எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

5 ஜனவரி 2023

திருத்தம். டிசம்பர் 14-ல் "அதையே காபியில் கலந்து" என்று எழுதினேன். அது தப்பு. குறைந்தபட்சம், என்னால் நிரூபிக்க முடியாதது.

நம் பக்கத்து நோய்க் குறிப்புகளில் தென்னைப் பூசணத்தை கானோடெர்மா லூசிடம் என்று போடுகிறார்கள். மாத்திரை டப்பாவிலும் கானோடெர்மா லூசிடம். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. லூசிடம் என்ற பெயர் 1781-ல் இங்கிலாந்துக் காளானுக்கு வைத்தது. பிறகு உலகத்தில் எந்த மூலையில் பளபளப்பான மரக்காளானைப் பார்த்தாலும் அதே பெயரை ஒட்டினார்கள். சீனத்து லிங்ஷி வேறு இனம் என்று பிரித்து, கானோடெர்மா லிங்ஷி என்று பெயர் வைத்ததே 2012-ல்தான். நம் ஊரில் முருகன் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள், அந்தக் கதை.

அதனால் பேராவூரணித் தம்பிக்கு நேரான பதில்: உங்கள் மரத்தில் இருப்பது லிங்ஷிக்குச் சொந்தக்காரன். அதே ஆள் என்று பார்வையை வைத்துச் சொல்ல முடியாது. சீனத்து அனுபவத்தை எடுத்து இதற்கு ஒட்டாதீர்கள்.

6 ஜனவரி 2023

டப்பாவில் வருவதாவது சரியாக இருக்குமா என்றால், 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கச் சந்தையில் லூசிடம் என்று விற்ற 19 சரக்கை வாங்கிச் சோதித்திருக்கிறார்கள். லேபிளில் சொன்னதற்குப் பொருந்தியது 5. அங்கேயே இப்படி.

11 ஜனவரி 2023

தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருப்பது இந்தப் பேச்சுக்கே உப்பு. அவர் அப்பா, தாத்தா எல்லாம் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். மலேசியச் செம்பனைக்கும் (எண்ணெய்ப்பனை) இதே குடும்பத்து நோய்தான் பெரிய எதிரி. அங்கே கானோடெர்மா போனினென்சே. செம்பனை அடித்தண்டு அழுகி, குருத்து விரியாமல் ஈட்டி ஈட்டியாக நின்று, ஒரு நாள் காற்றில் சாயும். "பகலில் அப்பா கானோடெர்மா வந்த மரத்தைக் கணக்கெடுப்பார், சாயங்காலம் அம்மா கானோடெர்மா காபி கலக்குவார்" என்று எழுதியிருக்கிறார். நான் மட்டும்தான் இந்தக் கூத்தில் மாட்டியவன் என்று நினைத்திருந்தேன்.

29 ஜனவரி 2023

ஒன்றை மறைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

நானும் குடித்தேன். 2021 மார்ச், அம்மா விவகாரம் வெடிப்பதற்கு முன்னால். வரப்போர மரத்தில் வந்த காளான், அழகென்றால் அவ்வளவு அழகு. பூசின லாக்கர் மாதிரி. நாலு துண்டாக அரிவாளில் வெட்டி, பழைய குண்டானில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். நிலவேம்பைவிடக் கொஞ்சம் குறைவான கசப்பு, கூடவே மண்வாசம். அரை டம்ளர். அன்று இரவு அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன். ஓஹோ, சீனன் சொன்னது நிஜம்தான் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அன்று காலை ஆறு மணியிலிருந்து அந்த மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டியது நான். இரண்டடி ஆழம், ஓரடி அகலம், தண்டிலிருந்து ஐந்தடி தள்ளி வட்டமாக. அதற்குப் பிறகு வெந்நீர் குடித்திருந்தாலும் அப்படித்தான் தூங்கியிருப்பேன்.

30 ஜனவரி 2023

இன்னொன்று உறைத்தது அதற்கும் ஒரு வாரம் கழித்து. இதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அசிங்கமாக இருந்ததால் தள்ளிப்போட்டேன்.

அந்த மரத்துக்கு நான் மருந்து கட்டியிருந்தேன். பென்சில் கனத்தில் உயிருள்ள வேரைத் தேடி, நுனியைச் சரிவாகச் சீவி, பூசணக்கொல்லி கரைசல் ஊற்றிய பாலித்தீன் பைக்குள் விட்டுக் கட்டுவோமே, அது. மருந்து கட்டினால் 45 நாள் காய் பறிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இளநீர்கூடக் குடிக்காதே என்று பேரனை அதட்டியவன் நான். மேலுக்கு 1 சத போர்டோ கலவை மரத்துக்கு 40 லிட்டர் வேறு மண்ணில் ஊற்றியிருக்கிறேன். அது செம்பு. காளான்கள் மண்ணிலும் கட்டையிலும் உள்ள உலோகங்களை இழுத்துச் சேர்த்து வைக்கக்கூடியவை. அந்தக் காளானைத்தான் கொதிக்க வைத்துக் குடித்திருக்கிறேன்.

தம்பி, இனம் எதுவோ இருக்கட்டும். மருந்து கட்டிய தோப்பில் வந்த காளானைக் குடிக்காதீர்கள், விற்காதீர்கள். கட்டவில்லை என்றால் முதலில் கட்டுங்கள்.

31 ஜனவரி 2023

"இன்னும் உயிரோடுதானே இருக்கிறீர்கள்?" என்று கேட்டவருக்கு: ஆம். மரம் இல்லை.

18 பிப்ரவரி 2023

நோய்க்குக் கேட்குமா என்பதற்கு நான் கண்டவரை. மருந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரன் தொகுப்புரைகள் இரண்டு. புற்றுநோய்க்கு 5 ஆய்வு, 373 பேர். இதை மட்டும் கொடுத்துச் சிகிச்சை செய்ய ஆதாரம் இல்லை, கீமோ, கதிர்வீச்சோடு துணையாகக் கொடுத்தால் ஓரளவு பயன் இருக்கலாம், ஆனால் ஆய்வுகளே சிறியவை, தரமும் போதாது என்று முடிக்கிறார்கள். சர்க்கரைக்காரர்களின் இதய ஆபத்துக்கு 5 ஆய்வு, 398 பேர். அதில் பரிந்துரைக்கும்படி ஒன்றும் தேறவில்லை. அம்மாவுக்குச் சம்பந்தப்பட்டது இந்த இரண்டாவது.

தீங்கே இல்லை என்பதும் பொய். தாய்லாந்தில் லிங்ஷித் தூள் ஒன்றிரண்டு மாதம் சாப்பிட்டவர் ஈரல் செயலிழந்து இறந்ததை 2007-ல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. அது மூலிகைதானே என்று யாராவது சொன்னால், எட்டிக்கொட்டையும் மூலிகைதான்.

19 பிப்ரவரி 2023

ரத்னகிரியில் வேலை பார்க்கும் ஒருவர் வழி தவறி உள்ளே வந்து நல்ல விஷயம் சொல்லியிருக்கிறார். கொங்கணத்தில் பலாமரத்தில் வரும் கட்டைக்காளானுக்கு பன்சோம்பா என்று பேர். ஜொள்ளு அதிகம் வடிக்கும் குழந்தைக்கு அதை உரசி ஈறில் தடவுவார்களாம். அது ஃபெலினஸ் வகை, பளபளப்பு இருக்காது. நம் பக்கம் வசம்பைச் சுட்டு உரசுகிற மாதிரி. நம் நாட்டிலேயே மரக்காளான் வைத்தியம் இருந்திருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. சித்தர்கள் லிங்ஷி சாப்பிட்டார்கள் என்று மாப்பிள்ளையின் கம்பெனி நோட்டீஸில் இருந்ததை மட்டும் நான் இன்னும் நம்பத் தயாரில்லை.

7 மே 2023

ரொம்ப நாளாக எழுதவில்லை. அம்மாவின் புண் ஆறிவிட்டது. மாத்திரையை இப்போது என் மனைவி எதிரில் நின்று விழுங்க வைக்கிறாள்.

நேற்று அம்மாவே காபிப் பேச்சை எடுத்தார். "என்ன சொல்லு, அந்தக் காபி குடிச்சப்ப தெம்பா இருந்துச்சுடா." எனக்குச் சுருக்கென்றது. சண்டை போட வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த எட்டு மாதமும் மாப்பிள்ளை ஞாயிறு தவறாமல் பெட்டியோடு வந்தார். கூடவே தங்கையும் பேத்தியும். மத்தியானம் வரை இருந்து, அம்மா கையால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் கத்தி அனுப்பிய பிறகு அவர்கள் வருவதே நின்றுபோனது. இதை எந்தக் கணக்கில் எழுத?

8 மே 2023

சிலர் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்கிறார்கள். இல்லை. 280 என்பது 280தான். ஆனால் மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். கம்பெனியை விட்டு ஒரு வருடம் ஆகிறதாம். விற்காத பெட்டி பதினொன்று பரணில் இருக்கிறதாம். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், காபி இல்லாமல்.

21 ஆகஸ்ட் 2023

பேராவூரணித் தம்பி படம் போட்டிருக்கிறார். அந்த மரத்தை வெட்டியாயிற்று, இப்போது பக்கத்து மரத்தில் சாறு. காளான் இன்னும் வரவில்லை. வராமல் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையை வேரோடு தோண்டி எரியுங்கள். நான் விட்ட தப்பை நீங்களும் விடாதீர்கள். சுற்றிப் பள்ளம் வெட்டுங்கள். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் ஓடவிடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள், அந்தத் தண்ணீர் நோயையும் இழுத்துப்போகும். மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, கூடவே டிரைக்கோடெர்மா. இடையில் வாழை வையுங்கள், நோய் குறையும். எங்கள் தோப்பில் வாழை வைத்த பக்கம் இரண்டு வருடத்தில் ஒரு மரம்தான் போனது, வைக்காத பக்கம் ஆறு. இது என் தோப்புக் கணக்கு. உங்களுக்கு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் தூரமில்லை. சாறு வடிவதைப் படம் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்வாருங்கள்.

டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணம்தான். கானோடெர்மாவைத் தின்னும் பூசணம். ஆக, இதை மருந்தென்று தின்ன ஆள் ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது. நாம் போட்டிக்குப் போக வேண்டாம்.

3 மார்ச் 2024

64 மரம் 51 ஆகி நிற்கிறது. இந்த வருடம் இதுவரை புதிதாக ஒன்றும் வடியவில்லை.

குடித்த மரத்திலிருந்து வெட்டாத ஒரு காளானை ஷோகேஸில் வைத்திருந்தேன், பேரன் பள்ளிக்கூடத்து வெண்கலக் கோப்பைக்குப் பக்கத்தில். இன்று தூசி தட்ட எடுத்தால் இலேசாக இருந்தது. அடியில் பழுப்பாகப் பொடி குவிந்திருக்கிறது. திருப்பிப் பார்த்தால் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. தட்டினேன், ஒரு சின்னக் கறுப்பு வண்டு விழுந்து, நன்றாகவே நடந்து போனது.